யாப்பு

செபம் முடிந்ததும் தலைகளை எண்ணினேன்.
அங்கத்தவர் இருபத்தியொருவர்.
யாப்பு கேட்பது பத்தொன்பது.
கோரம் உண்டு என்று எழுதினேன்,
முதலில் தமிழில்,
பிறகு அரசாங்கத்துக்காகப் பிரெஞ்சில்.

பார்க் எக்ஸ்டென்ஷன், தேவாலயத்தின் நிலவறை.
மேலே மார்ச் மாதப் பனி.
கீழே குழாய்கள் முனகும் சூடு,
நேற்றைய பருப்பின் வாசம்.
சுவரோரம் மடக்கு நாற்காலிகளில்
இன்னும் ஒரு நாற்பது பேர்,
செவ்வாய்க்கிழமைப் பைக்காரர்.
யாப்பில் அவர்கள் பெயர் பயனாளிகள்.
வரலாம். இருக்கலாம். தேநீர் குடிக்கலாம்.
கை உயர்த்தக் கூடாது.

தலைவர் நீக்கிலாப்பிள்ளை ஆண்டறிக்கை வாசித்தார்.
பொருளாளர் கனிசியஸ் கணக்கு வாசித்தார்:
அரிசி, பதினோராயிரத்து நானூற்று ஆறு டொலர்.
கணக்காய்வாளர் ஒப்பம். கைதட்டல்.
ஜோன் தலோன் தெருவில் கனிசியசுக்குக் கடை;
அரிசி அங்கிருந்துதான் வருகிறது.
எல்லோருக்கும் தெரிந்ததை
எந்தக் கூட்டத்திலும் நான் பதிந்ததில்லை.

நிர்வாகத்தில் எழுவர் இருக்க வேண்டும்,
ஓரிடம் காலி.
"எமில்டாவை முன்மொழியிறன்" என்றார் ரெமீஜியஸ்.
வழிமொழிய ஆள் தேடுமுன்
எல்லா முகமும் என் பக்கம்:
"செயலாளர், யாப்பு என்ன சொல்லுது?"

ஏழாம் பிரிவு, ஈ.
சபையின் உதவி பெறுபவர்
நிர்வாகத்தில் இருத்தல் நலமுரண்.
பதின்மூன்று வருடம் முன்பு
வேறொரு சங்கத்தின் தாளைப் பார்த்து
நானே இருந்து பெயர்த்த வரி.
நல்ல தமிழ் என்று அன்றைக்குப் பாராட்டினார்கள்.

எமில்டா எழுந்தாள்.
விமான நிலைய விடுதியில்
நாளுக்குப் பதினாறு அறை துடைக்கிறவள்.
பை வாங்க வருவாள்,
வாங்கிய பிறகும் போகாமல்
அண்டாக்களைக் கழுவிக் கவிழ்ப்பாள்.
சந்தா பத்து டொலரைச் சில்லறையாக
என் மேசையில் எண்ணி வைத்தவள்.

"அரிசி வாங்கினா நலமுரண்.
அரிசி வித்தா?"

அவ்வளவுதான் கேட்டாள்.
உட்காரவில்லை.

கனிசியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கெட்டவரில்லை அவர்,
மூடைக்கு இரண்டு டொலர் குறைத்தே தருகிறார்.
"வாற வருசம் பாப்பம்" என்றது ஒரு குரல்.
"உபகுழு போடுவம்" என்றது இன்னொன்று.
எனக்கோ அந்த வரியில்
முதல் தடவையாகத் தளை தட்டியது.
பாட்டுக் கட்டுகிறவனும் சங்கம் கட்டுகிறவனும்
இந்த ஒரே சொல்லைத்தானே
கையில் பிடித்திருக்கிறார்கள்.
சீர் எண்ணிக்கை சரி.
ஒரு சொல் மட்டும் படியிறங்கி வந்து
வாசலில் நிற்கிறது.

"வாக்குக்கு விடுவம்" என்றார் தலைவர்.
கைகள் பாதி உயர்ந்தபோது
தெருவில் அந்த ஊளை.
மொன்றியலில் ஒரு மாரி கழித்தவருக்குத் தெரியும்:
பனி அள்ள வருகிறார்கள்,
நிற்கும் காரை இழுத்துப் போய்விடுவார்கள்.
உயர்ந்த கைகள் கோட்டுப் பைக்குள் இறங்கிச்
சாவியோடு வெளியே வந்தன.
படிக்கட்டில் பதினாறு சோடிச் சப்பாத்து.

மிச்சம் அங்கத்தவர் ஐவர்.
நிலவறை என்னவோ நிறைந்துதான் இருந்தது.
சுவரோரத்து நாற்பது பேருக்கும்
நகர்த்த ஒரு காரும் இல்லை.
ஒரு வாக்கும் இல்லாமல்
பதிலுக்காகக் குந்தியிருந்தார்கள்.

கோரம் இன்மையால் ஒத்திவைக்கப்பட்டது
என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
அதன் கீழே எமில்டாவின் கேள்வியை
அவள் கேட்டபடியே,
நல்ல தமிழ் ஆக்காமல்.

மேலே ஊளை ஓய்ந்தது.
தெருவில் எனக்கும் ஒரு கார் இருந்தது.
நீலம், பழசு.
"வித்தா" என்பதைப் பிரெஞ்சுப் பிரதியில்
எப்படிப் போடுவதென்று
எமில்டாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அவளுக்கு விடுதிப் பிரெஞ்சு வரும்.